அவர்கள் இருவருக்கும் ஒரே நோய்

தலையில் ஒரு முடிகூட இல்லாத ஒரு பெண்ணைப் பார்த்து எனக்குப் பொறாமை வந்தது. சின்னப் பொறாமை இல்லை, வயிறு எரிகிற பொறாமை. இதில் வெட்கப்பட ஒன்றும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் ஒருவரோடு குடும்பம் நடத்தி, அவருக்குக் கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாது, இரண்டு தலையணை வேண்டும், வெளிச்சம் இருந்தால் நித்திரை வராது என்று எல்லாவற்றையும் பாடமாக்கி வைத்திருப்பவள் நான். கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருத்தி வந்து ஒரே கிழமையில் அவருடைய நெஞ்சுக்குள் கதிரை போட்டு உட்கார்ந்தால் எரியாமல் என்ன செய்யும்?

அவர்களுக்கு இடையில் காதல் ஒன்றும் இருக்கவில்லை. காதல் என்றால் நான் சமாளித்திருப்பேன். சண்டை பிடித்திருப்பேன், மகளுக்கு ஃபோன் எடுத்து அழுதிருப்பேன், இரண்டு நாள் சமைக்காமல் விட்டிருப்பேன். அவர்களுக்கு இடையில் இருந்தது ஒரு நோய். சிறுகுடலில் வருகிற டி-செல் லிம்போமா என்கிற புற்றுநோய். லட்சத்தில் ஒருவருக்குக்கூட வருவது அபூர்வம் என்றார்கள். நாங்கள் போன ஆஸ்பத்திரியில் அப்போது அது இருந்தது இவருக்கும் அவளுக்கும் மட்டும்தான். அந்த உறவுக்குள் நுழைய எனக்கு வழியே இருக்கவில்லை.

எங்கள் வீடு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒரு ஒழுங்கையில், மூன்றாம் மாடியில். பல்கனியில் நின்றால் ரெயில் பாதையும் அதற்கு அப்பால் கடலும். என் கணவர் கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனியில், ஆயுள் காப்புறுதிப் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நான் காலி வீதியில் ஒரு டிராவல்ஸில் விமான டிக்கெட் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பாதி யாழ்ப்பாணத்தைக் கனடாவுக்கு அனுப்பினவள் என்று இவர் என்னைப் பகிடி பண்ணுவார். அந்தப் பாதிக்குள் எங்கள் ஒரே மகளும் அடக்கம்.

இவருக்கு முதலில் வயிற்றுக் குத்து. வாயு என்று நினைத்தோம். இஞ்சி போட்ட தேத்தண்ணீர், பெருங்காயம், காலி வீதிப் பார்மசிக்காரர் கொடுத்த குளிசை என்று கொஞ்சக் காலம் போனது. சாப்பிட்டால் வயிறு ஊதும், சாப்பிடாவிட்டால் தலை சுற்றும். பெல்ட்டில் புது ஓட்டை போடவேண்டி வந்தபோதுதான் எனக்குப் பயம் பிடித்தது. அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குடலில் ஓட்டை விழுந்து, அவசர அவசரமாக வயிற்றை வெட்டிக் கெட்டுப்போன துண்டை எடுத்தார்கள். அந்தத் துண்டைப் பரிசோதித்துப் பார்த்துத்தான் நோயின் பேரைச் சொன்னார்கள்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெரிய வருத்தம் என்றால் வருத்தக்காரருக்கு மட்டும் சொல்லமாட்டோம். கனடாவில் இருக்கும் மச்சாளுக்குத் தெரியும், கீழ் வீட்டுக்காரருக்குத் தெரியும், கோயில் ஐயருக்குத் தெரியும். கட்டிலில் படுத்திருப்பவருக்கு மட்டும் தெரியக்கூடாது. தெரிந்தால் மனம் விட்டுவிடும், மனம் விட்டால் உடம்பும் விட்டுவிடும் என்று ஒரு நம்பிக்கை. டொக்டர்மாருக்கும் இது பழக்கம். வருத்தக்காரரை நிறை பார்க்கவோ இரத்தம் குத்தவோ அனுப்பிவிட்டு, கொரிடோரில் வைத்து வீட்டுக்காரரிடம் உள்ளதைச் சொல்வார்கள். நானும் அப்படித்தான் டொக்டரைக் கொரிடோரில் பிடித்தேன்.

"அவருக்குச் சொல்லாதேங்கோ டொக்டர். அவர் சரியான பயந்த ஆள்" என்றேன். உண்மையில் பயந்த ஆள் நான்தான்.

டொக்டர் சொன்னது எனக்குப் பாதிதான் விளங்கியது. மீதியை மகள் கனடாவிலிருந்து விளங்கப்படுத்தினாள். ஏதோ ஆராய்ச்சிக் கட்டுரையிலிருந்து ஒரு படத்தை என் ஃபோனுக்கு அனுப்பினாள். இந்த நோய் வந்தவர்கள் எவ்வளவு காலம் உயிரோடு இருந்தார்கள் என்று காட்டுகிற ஒரு கோடு. இடது பக்க மூலையில், உச்சியில் தொடங்குகிறது. அந்த இடத்தில் எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். பிறகு மாடிப்படி மாதிரி இறங்குகிறது, ஒவ்வொரு படியும் ஒரு ஆள் போன இடம். முதல் ஒன்றிரண்டு வருடத்துக்குள்ளேயே விழவேண்டியவர்களில் பெரும்பங்கு விழுந்துவிடுகிறார்கள். அதைத் தாண்டியவர்களுக்குக் கோடு மட்டமாகப் போகிறது. கீழேதான், ஆனால் மட்டமாக. பழைய காலத்து ஆட்களுக்கு ஒரு கோடும் இந்தக் காலத்து ஆட்களுக்கு ஒரு கோடும் போட்டிருந்தார்கள். புதுக் கோடு சற்று மேலே இருந்தது. இரண்டுக்கும் நடுவில் என் சின்ன விரலை வைக்கத்தான் இடம் இருந்தது. இத்தனை வருடத்து மருத்துவம் வாங்கித் தந்தது இந்த ஒரு விரல் அகலம்தானா என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

இவரிடம் நான் சொன்னது இதுதான்: "குடலில ஒரு கட்டி இருந்தது, வெட்டியாச்சு. ஏதும் மிச்சம் கிடந்தா மருந்து கரைச்சுப்போடும்."

"ஓம், ஓம்" என்று தலையாட்டிவிட்டுப் பேப்பரைத் திருப்பினார். இவ்வளவு லேசாக ஏமாறுகிறாரே என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மருந்து ஏற்றுகிற அறையில் கதிரைகள் வரிசையாக இருக்கும். முதல் நாள் இவருடைய பக்கத்துக் கதிரையில் அவள் இருந்தாள். தலையில் செம்மஞ்சள் துணி, உதட்டில் சிவப்புச் சாயம், கையில் செபமாலை. கலியாண வீட்டுக்கு வந்தவள் மாதிரி எல்லோரோடும் கதைத்துக்கொண்டிருந்தாள். நேர்ஸ் இரண்டு பேருடைய ஃபைல்களையும் பார்த்துவிட்டுச் சிங்களத்தில், "தென்னட்டம எக்கம லெடே" என்றாள். இரண்டு பேருக்கும் ஒரே வருத்தமாம். சாதகப் பொருத்தம் பார்த்துச் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"ஐயோ அண்ணே, உங்களுக்கும் குடல்லயா?" என்று அவள் கேட்டாள். "இது ரொம்ப அபூர்வம்னு டொக்டர் சொன்னாரு. லொத்தர் சீட்டுல ஒருநாளும் விழாத நமக்கு இதுல விழுந்திருக்கு பாத்தீங்களா?"

இவர் சிரித்தார். வயிற்றுத் தையல் நோகுமென்று கையால் பொத்திக்கொண்டு சிரித்தார். ஒப்பரேஷனுக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான். அந்தச் சிரிப்பை வரவழைக்க நான் என்னென்ன செய்து பார்த்திருந்தேன்! பழைய கதை சொன்னேன், பேரப்பிள்ளையின் வீடியோ காட்டினேன், அவருக்குப் பிடிக்காத மச்சானைப் பற்றிப் பகிடிகூட விட்டேன். ஒன்றுக்கும் அசையாத மனிசன், முன்பின் தெரியாத ஒருத்தி லொத்தர் என்றதும் சிரிக்கிறார்.

எரிச்சலோடு ஒரு பயமும் சேர்ந்துகொண்டது. அவளுக்குத் தன் நோயைப் பற்றி எல்லாம் தெரியும் போலப் பட்டது. வாய் ஓயாதவள். நான் பொத்திப் பொத்தி வைத்திருப்பதை இவள் ஒருநாள் இவரிடம் கொட்டிவிட்டால்? அடுத்தமுறை நேர்ஸிடம், இவருக்கு ஏசிக் குளிர் கூடாது, யன்னல் பக்கம் விடுங்கள் என்று கேட்டு இடம் மாற்றினேன். கொஞ்ச நேரத்தில் அவள் மருந்துப் போத்தல் தொங்கும் கம்பியையும் உருட்டிக்கொண்டு யன்னல் பக்கம் வந்து சேர்ந்தாள். "எனக்கும் ஏசி ஆகாது அக்கா" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். இவர் தன் பையை எடுத்து அவளுக்கு இடம் விட்டார்.

பிறகு ஃபோன் தொடங்கியது. பின்னேரமானால் இவர் ஃபோனைத் தூக்கிக்கொண்டு பல்கனிக்குப் போய்விடுவார். ஒரு காது மந்தம் என்பதால் இவருடைய ஃபோன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும். ஆனாலும் ரெயில் இரைச்சலிலும் கடல் இரைச்சலிலும் எனக்கு ஒழுங்காக ஒன்றும் கேட்காது. "பொறும் தங்கச்சி, ரெயில் போகுது" என்பது மட்டும் நன்றாகக் கேட்கும். தங்கச்சியாம். கூடப்பிறந்த தங்கச்சிக்கு வருடத்துக்கு ஒருதரம் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்ல நான் ஞாபகப்படுத்தவேண்டும்.

அவள் சாப்பாடும் அனுப்பினாள். தெரிந்த ஓட்டோக்காரரிடம் பிளாஸ்க்கில் மீன் சூப் கொடுத்துவிடுவாள். நான் பார்த்துப் பார்த்துக் காய்ச்சிய கஞ்சியை நாலு கரண்டியோடு தள்ளி வைப்பவர், கொட்டாஞ்சேனைச் சூப்பை அடிமட்டம் வரை குடித்தார். வெள்ளிக்கிழமை மீன் மச்சம் சாப்பிடாதவர், ஒரு வெள்ளிக்கிழமை அந்த சூப்பையும் குடித்துவிட்டு, "மருந்துக்குக் குற்றமில்லை" என்றார். நான் பிளாஸ்க்கைக் கழுவினேன். எவ்வளவு தேய்த்தும் அந்த வாடை போகவில்லை, அல்லது எனக்குப் போகவில்லை.

ஒருநாள் பின்னேரம் காய்ந்த உடுப்பை மடித்துக்கொண்டு பல்கனிக் கதவுக்குப் பின்னால் நின்றேன். மடிப்பதற்கு அங்கே நிற்கத் தேவையில்லை, நின்றேன். ரெயில் இல்லாத நேரம். இவருடைய குரல் கேட்டது. "இண்டைக்கு எனக்குப் பயமா இருந்தது."

"எனக்குந்தான் அண்ணே" என்றாள் அவள்.

அவ்வளவுதான்.  கொஞ்சம் கழித்து இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். நான் உள்ளே வந்ததும் இவர் ஃபோனை நிறுத்திவிட்டு, "கிரிக்கெட் கதைச்சனாங்கள்" என்றார்.

வரப்போகிற ஸ்கானுக்குப் பயமாக்கும் என்று நினைத்தேன். ஆனால் என்னிடம் ஒருநாளும் பயம் என்ற சொல் அவர் வாயில் வந்ததில்லை. காலையில் எழும்பியதும், "எப்பிடியப்பா இருக்கு?" என்று கேட்பேன். "சுகம்" என்பார். கக்கூசுக்குள் சத்தி எடுத்துவிட்டு வந்தாலும் சுகம்தான். நல்ல சொல்லெல்லாம் எனக்கு, உள்ள சொல்லெல்லாம் அவளுக்கு. அந்த நோய் எனக்கும் வந்திருக்கக்கூடாதா என்றுகூட அன்றைக்கு நினைத்தேன். வந்திருந்தால் பக்கத்துக் கதிரை என்னுடையதாக இருந்திருக்கும்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கோட்டின்படி இவருக்கு மிஞ்சியிருக்கும் காலம் கொஞ்சம் என்றால், அந்தக் கொஞ்சக் காலத்தில் இவர் மனம் விட்டுக் கதைக்கிற ஆள் நானாக இருக்கவேண்டும். இதைக் கேட்க எனக்கு உரிமை இல்லையா?

சேர்ந்துபோன பிளாஸ்க்குகளைத் திருப்பிக் கொடுக்கும் சாட்டில் ஒருநாள் காலை, சூப் கொண்டுவருகிற ஓட்டோக்காரரையே பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். இவரிடம் சந்தைக்கு என்று சொன்னேன். அவளுடைய வீடு தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு சந்தில். வாசலில் அந்தோனியார் படமும் அதற்கு எரியும் ஒரு சின்ன மின்விளக்கும். உதட்டுச் சாயம் இல்லாமல், தலைத்துணியும் இல்லாமல் கதவைத் திறந்தாள். மருந்து ஏற்றுகிற அறையில் பார்த்ததைவிடப் பாதியாக இருந்தாள். என்னைக் கண்டதும் ஓடிப்போய்த் துணியைக் கட்டிக்கொண்டு வந்து, பிளேன் டீ போட்டாள்.

நான் சுற்றி வளைக்கவில்லை. "எங்கட இவருக்கு இந்த வருத்தத்தைப் பற்றி ஒண்டும் தெரியாது. நீங்கள் வாய் தவறி ஏதும் சொல்லிப்போடாதேங்கோ" என்றேன்.

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "அக்கா, அண்ணனுக்கு எல்லாம் தெரியுமே. எனக்குத்தான் தெரியாம இருந்திச்சு. அவருதான் எனக்குச் சொல்லிக்குடுத்தாரு."

 அவள் சொல்லிக்கொண்டு போனாள். இரண்டாம் முறை மருந்து ஏற்றின அன்று, தங்கச்சியின் மகன் இன்டர்நெட்டில் எடுத்துக் கொடுத்த ஒரு படத்தைத் தன் ஃபோனில் இவரிடம் காட்டி, இது என்ன அண்ணே என்று கேட்டிருக்கிறாள். அதே கோடு. நான் பிளாஸ்க் கழுவவோ மருந்து வாங்கவோ போயிருப்பேன். இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முப்பது வருடம் தான் பார்த்த சோலி இதுதான் என்று சொல்லியிருக்கிறார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எந்த வயதில் எத்தனை பேர் போவார்கள் என்ற அட்டவணையை வைத்துக்கொண்டு பிரீமியம் போட்ட மனிசனிடம் நான் சாவின் கணக்கை ஒளித்திருக்கிறேன். சமையற்காரனிடம் உப்பை ஒளித்த மாதிரி. எனக்குத் தெரியாதா அவருடைய வேலை? தெரியும். ஆனால் அது கொள்ளுப்பிட்டியில் இருந்தது, இது எங்கள் வீட்டுக்குள் இருந்தது. இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை.

"என்ன சொன்னவர்?" என்று கேட்டேன். வேறு என்னத்தைக் கேட்பது?

"கோடு ஒரு ஆளைப் பாக்காது தங்கச்சி, கூட்டத்தைத்தான் பாக்கும்னாரு. இந்தக் கோட்டுல இருக்கிறவங்க எல்லாம் முந்தி மருந்து எடுத்தவங்க, இப்போ எடுக்கிற நம்மளுக்கு என்னான்னு இந்தக் கோட்டுக்கே தெரியாதுன்னாரு. முதல்ல இந்தச் செங்குத்து எறக்கத்தைத் தாண்டுவோம், அப்புறம் மட்டமாத்தான் போகும்னாரு. அதுக்கப்புறம்தான் அக்கா நான் ஒழுங்காத் தூங்கினேன்."

இவ்வளவு அழகாகக் கதைக்கத் தெரிந்த மனிசன், எனக்குச் "சுகம்" என்ற ஒரு சொல்லைப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "பிறகு ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்றேன். 

"அவருக்குத் தெரியாதுன்னு நெனச்சு நீங்க நிம்மதியா இருக்கீங்களாம். அதைக் கெடுக்க வேணாம்னு சொல்லிட்டாரு." அவள் பிளாஸ்க்கின் மூடியைத் திருகித் திருகித் திறந்தாள். "எனக்கு உங்களப் பாத்தா பொறாமையா இருக்கு அக்கா."

"என்னைப் பார்த்தோ?"

"எனக்குப் பொய் சொல்ல ஒரு ஆள் இல்லியே. எங்க வீட்டுக்காரர் துறைமுகத்துல இருந்து ஓய்வு எடுத்த வருசமே போயிட்டாரு. புள்ளைங்களும் இல்ல. ரிப்போர்ட்டை டொக்டர் எங்கையிலதான் குடுத்தாரு. கொரிடோர்ல நிக்க யாரும் வரல்ல."

 மனம் இளகியது உண்மை. ஆனால் ஓட்டோ காலிமுகத்திடலைத் தாண்டும்போது பழையபடி எரியத் தொடங்கியது. அவளுக்குப் பொய் சொல்ல ஆள் இல்லை என்றால், எனக்கு உண்மை சொல்ல ஆள் இல்லையே. அந்த ஆளையும் அவளல்லவா வைத்திருக்கிறாள்?

வீட்டுக்கு வந்து இவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவராக வந்து என்னிடம் சொல்லட்டும் என்று ரோஷம். அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும், ஆனால் தெரியாத மாதிரி நான் கஞ்சி காய்ச்சினேன். தெரியாத மாதிரி அவர் குடித்தார். "எப்பிடியப்பா?" "சுகம்." பள்ளிக்கூட நாடகத்தில் வசனத்தை மறக்காமல் சொல்கிற இரண்டு பிள்ளைகள் மாதிரி இருந்தோம். பின்னேரமானால் அவர் பல்கனிக்குப் போய் உண்மையைக் கதைத்துவிட்டு வருவார்.

மருந்து எல்லாம் ஏற்றி முடிந்ததும் இரண்டு பேருக்கும் ஸ்கான் எடுத்தார்கள். இவருக்கு எல்லாம் அடங்கியிருந்தது. அடுத்தது, அவருடைய உடம்பிலிருந்தே ஸ்டெம் செல்லை எடுத்துவைத்து, கடும் மருந்து கொடுத்து, அதையே திரும்ப ஏற்றுவது என்றார்கள். அவளுக்கும் அதே ஏற்பாடுதான் இருந்தது. ஆனால் அவளுக்கு அடங்கியது மாதிரி இருந்தது திரும்ப வந்துவிட்டது, ஈரலிலும். எனக்குக் கவலைதான். இனி ஃபோன் குறையும் என்று அந்தக் கவலைக்குப் பக்கத்தில் ஒரு நினைப்பும் வந்து நின்றது. குறையவில்லை, கூடத்தான் செய்தது. இவர் ஆஸ்பத்திரியில் தனி அறையில் அடைபட்டுக் கிடந்தபோது, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் நின்று கை காட்டுவேன். உள்ளே அவருடைய காதோரம் ஃபோன் இருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகும் இவருக்கு வெளி ஆட்களைச் சந்திக்கத் தடை. காய்ச்சல் வந்தால் ஆபத்து என்றார்கள். அந்த நாட்களில் ஒரு காலை, வெள்ளவத்தைச் சந்தையில் நான் முருங்கையிலை பார்த்து வாங்கிக்கொண்டு நின்றபோது, அவளுடைய தங்கச்சி எனக்கு ஃபோன் எடுத்தாள். விடிய முன்னம் முடிந்துவிட்டதாம். கடைசியில் நோவு இல்லையாம். அண்ணனுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியாமல் எனக்கு எடுத்தாளாம்.

மகளுக்குச் சொன்னேன். "அப்பாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ அம்மா. இப்பதான் தேறி வாறார். மனம் விட்டிடுவார்" என்றாள். நானே கற்றுக்கொடுத்த பாடத்தை எனக்கே ஒப்புவித்தாள்.

அன்று பின்னேரம் இவர் வழமைபோல ஃபோனை எடுத்துக்கொண்டு போனார். மணி அடித்து அடித்து நின்றது. "நித்திரையாக்கும்" என்று உள்ளே வந்தார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், அதனால் முகத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையிருக்கவில்லை. அடுத்த நாள் கொட்டாஞ்சேனையில் அடக்கம். பின்னேரம் இவர் திரும்ப அடித்தார். திரும்பத் திரும்ப அடித்தார். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, அவள் இல்லை, இவர் முழுக்க என்னுடையவர். ஆனால் பல்கனியில் அவர் ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்த மாதிரியைப் பார்த்ததும், இப்படியே விட்டால் இந்த மனிசன் சாகும்வரை அந்த மணியைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார், என்னை இல்லை என்று பட்டது. போய் மற்றக் கதிரையில் இருந்தேன். அது அதுவரை உடுப்புக் கூடை வைக்கிற கதிரை.

"இஞ்சருங்கோ. அடிக்காதேங்கோ. அவ போயிட்டா. நேற்று விடிய."

அவர் என்னைப் பார்த்தார், ஃபோனைப் பார்த்தார். பிறகு அழுதார். சத்தம் இல்லாமல், தோள் மட்டும் குலுங்க. தகப்பன் செத்தபோதுகூட என் முன்னால் அழாதவர். பக்கத்தில் இருந்து முதுகைத் தடவிக்கொடுத்தேன். தடவும்போதே, எனக்காகவும் இப்படி அழுவாரோ என்று மனம் கேட்டது. செத்தவளிலும் பொறாமையா என்றால், ஓம், செத்தவளிலும்தான்.

"இனி நான் ஆரோட கதைக்கிறது?" என்றார்.

அதோடு என் பொறுமை அறுந்தது. "ஏன், நானொருத்தி இஞ்ச கல்லாட்டம் இருக்கிறது தெரியேல்லையோ? எனக்கும் அந்தக் கோடு தெரியும்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் அறியாதவர் மாதிரி, "எந்தக் கோடு?" என்று கேட்டார். அந்த நேரத்திலும் என் நிம்மதியைக் காப்பாற்றுகிறாராம்.

பல்கனி மேசைக் கண்ணாடியில் எப்போதும் கடற்காற்றின் உப்புப் படிந்திருக்கும். எவ்வளவு துடைத்தாலும் பின்னேரத்துக்குள் திரும்பப் படிந்துவிடும். அதில் விரலால் கீறினேன். உச்சியிலிருந்து ஒரே இழுவையாகக் கீழே. அவர் அதைப் பார்த்தார். பிறகு உள்ளங்கையால் அழித்துவிட்டு, "இப்பிடி ஒரேயடியா விழாதப்பா. படி படியாத்தான் இறங்கும்" என்று தன் விரலால் கீறத் தொடங்கினார். இறங்கி இறங்கி வந்து, பிறகு மேசை விளிம்பு வரை மட்டமாக இழுத்தார். இறக்கத்தில் ஒரு படியைத் தொட்டு, "அவள் இதில" என்றார். கொஞ்சம் தள்ளி, இறக்கம் முடியாத ஓரிடத்தில் விரலை வைத்து, "நான் இதில நிக்கிறன்" என்றார். விரலை எடுக்கவில்லை.

"எனக்குப் பயமா இருக்குதப்பா."

ஒரு வருடமாக நான் கேட்கத் தவம் கிடந்த சொல். அது கடைசியில் என்னிடம் வந்ததும் என் வாய் பழைய வேலையைத்தான் பார்த்தது. "சும்மா இருங்கோ, ஒண்டும் நடக்காது, நீங்கள் நல்ல சுகம்" என்று அவிழ்த்துவிட்டேன். நல்ல வேளையாக அந்த நேரம் பார்த்து பாணந்துறைப் பக்கம் போகிற ரெயில் வந்தது. யன்னல் கண்ணாடி எல்லாம் அதிர, நான் சொன்ன அவ்வளவும் அதற்குள் போய்விட்டது. கூட்டம் வாசலில் தொங்கிக்கொண்டு போனது. பெட்டி பெட்டியாக அது கடந்து முடியும்வரை நான் அவருடைய விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒருநாளும் இவரிடம் ஒன்றும் நடக்காது என்று சொல்லியிருக்கமாட்டாள். சொல்ல அவளால் முடியாது. அதற்காகத்தான் இவர் அவளிடம் போனார்.

ரெயில் போய் முடிந்ததும் கையைக் காதுக்குப் பின்னால் வைத்து, "என்ன சொன்னனீர்?" என்று கேட்டார்.

"எனக்கும்தான் எண்டன்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஈரம் காயாத முகத்தோடு, தையல் போட்ட வயிற்றைப் பழக்கத்தில் பொத்திக்கொண்டு, சிரித்தார். அந்தச் சிரிப்பில் பாதி கொட்டாஞ்சேனைக்குப் போகவேண்டியது. எனக்குத் தெரியும். ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை, முழுவதையும் நானே எடுத்துக்கொண்டேன்.